மேக்ஃபைல் எழுதும் முறை

ஒரு நிரலின் மூலக் கோப்பைத் திருத்துவது வேறு, அத்திருத்தம் இயங்கும் நிரலுக்குள் வந்து சேர்வது வேறு என்பதை இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் தொடக்கத்தில் உணர்வதில்லை. கம்பைலரை ஓட்டி ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பெற வேண்டும். அவற்றை லிங்க் செய்து நிரலாக்க வேண்டும். அதன் பின்னர்ச் சோதனைகளை நடத்தி, நிரலை உரிய இடத்தில் கொண்டு வைக்க வேண்டும். கோப்புகள் மூன்று நான்காக உள்ள வரையில் இக்கட்டளைகளைக் கையாலேயே தட்டச்சுச் செய்து காரியத்தை முடித்துவிடலாம். அவை முப்பது நாற்பதாகப் பெருகிவிட்டாலோ, எதை மாற்றினோம், எதை மறுபடி கம்பைல் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது எத்தகைய கூரிய புத்தியுடையவர்க்கும் சாத்தியமன்று. இவ்வாறு ஞாபகத்தின்மேல் ஏற்றப்பட்ட பாரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அக்கோப்பைப் படித்துப் பில்டு வேலையைச் செய்யும் ஒரு கருவியிடம் ஒப்படைப்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம். அத்தகைய கருவிகள் இன்று பல உள்ளன. அவற்றுள் மூத்ததும், யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் எங்கும் எளிதாகக் கிடைப்பதும், பின்வந்தவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு வகையில் முன்மாதிரியாக நிற்பதுமாகிய ‘மேக்’கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மேக் தோன்றிய வரலாறு அதன் பிரயோஜனத்தை எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டுவது. 1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், இலக்கண விதிகளிலிருந்து சி நிரலை ஆக்கித் தரும் யாக் என்னும் கருவியை இயற்றிய ஸ்டீவ் ஜான்ஸன் ஒரு நாள் தம் சகாவான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் விதியை நொந்துகொண்டே நுழைந்தார். நிரலில் இருந்த பிழையை அவர் முன்பே திருத்திவிட்டிருந்தார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை. ஆகவே பழைய ஆப்ஜெக்ட் கோப்பே லிங்க் ஆகி, சரியாக எழுதப்பட்ட ஒரு நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுது முழுவதும் வியர்த்தமாயிற்று. முந்தின நாள் மாலை ஃபெல்ட்மனும் இதே வகையான சங்கடத்தில் அகப்பட்டுத் தவித்திருந்தபடியால், இதற்கு ஒரு கருவி வேண்டும் என்னும் எண்ணம் அங்கேயே பிறந்தது; அந்த வாரக் கடைசியிலேயே மேக்கும் உருவாயிற்று. 2003-ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் விருதை ஏ.சி.எம். என்னும் கணினியியலார் சங்கம் இக்கருவிக்காகவே ஃபெல்ட்மனுக்கு அளித்தது.

இனி, மேக் வேலை செய்யும் தத்துவத்தைப் பார்ப்போம். மேக் படிக்கும் கோப்பாகிய மேக்ஃபைல் என்பது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய பட்டியல் என்று எண்ணிக்கொண்டு எழுதத் தொடங்குபவர்கள் பாதி வழியிலேயே இடர்ப்படுவார்கள். வரிசையாகக் கட்டளைகளை எழுதுவதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றே போதும். அது சொன்னவற்றையெல்லாம் சொன்ன கிரமத்தில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்யும். மேக்ஃபைலில் நாம் எழுதுவது சம்பந்தங்களை: இந்தக் கோப்பு இன்னின்ன கோப்புகளை ஆதாரமாகக் கொண்டது, அவற்றிலிருந்து இதைப் பெறும் செய்முறை இது என்பவற்றை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்னும் நிர்ணயம் கருவியைச் சேர்ந்தது. ஆகையால் ஒவ்வொரு விதிக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. ஆக்கப்பட வேண்டிய கோப்பு இலக்கு. அதன்பின் ஒரு முக்காற்புள்ளியிட்டு எழுதப்படுபவை ஆதாரங்கள். அடுத்த வரியில் டேப் விசையை அழுத்தித் தள்ளி எழுதப்படுவது செய்முறை. இலக்கு இல்லாவிட்டாலும், ஆதாரங்களில் ஏதேனும் ஒன்று இலக்கைவிடப் பின்னர் மாற்றப்பட்டிருந்தாலும் செய்முறை நடைபெறும், இல்லையேல் நடைபெறாது. கோப்புகளின் மாற்ற நேரத்தை ஒப்பிடும் இந்த ஒரே சோதனையின் மேல்தான் மேக்கின் கட்டடம் முழுவதும் நிற்கிறது.

சொற்களைத் தேடித் தரும் ஒரு சிறு அகராதி நிரலை உதாரணமாகக் கொள்வோம். சி மொழியில் எழுதப்பட்ட அதற்கு முதன்மை, தேடல், வரிசை என மூன்று மூலக் கோப்புகளும், முதல் இரண்டும் எடுத்தாளும் சொல் என்னும் ஒரு ஹெடர் கோப்பும் உள்ளன. பெயர்களைத் தமிழெழுத்திலேயே தருகிறேன். செய்முறை வரிகளை விட்டுவிட்டுச் சம்பந்தங்களை மட்டும் எழுதினால் மேக்ஃபைல் இவ்வாறு இருக்கும்:

அகராதி : முதன்மை.ஓ தேடல்.ஓ வரிசை.ஓ
முதன்மை.ஓ : முதன்மை.சி சொல்.எச்
தேடல்.ஓ : தேடல்.சி சொல்.எச்
வரிசை.ஓ : வரிசை.சி

முதல் விதியின் கீழ் மூன்று ஆப்ஜெக்ட் கோப்புகளையும் லிங்க் செய்யும் கட்டளையையும், மற்ற விதிகளின் கீழ் அந்தந்த மூலக் கோப்பைக் கம்பைல் செய்யும் கட்டளையையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பெயர் எதுவும் குறிப்பிடாமல் மேக் என்று மட்டும் தட்டச்சுச் செய்தால், கோப்பில் முதலாவதாக உள்ள இலக்கையே அது எடுத்துக்கொள்ளும். ஆதலால் பிரதானமான இலக்கை முதலில் எழுதுவது மரபு. தேடல்.சி கோப்பைத் திருத்தியபின் மேக்கை ஓட்டிப் பாருங்கள்: தேடல்.ஓ மட்டும் மறுபடி கம்பைல் ஆகும். அது புதிதானதால் அகராதியும் மறுபடி லிங்க் ஆகும். மற்ற இரண்டும் தொடப்படமாட்டா. சொல்.எச் கோப்பைத் திருத்தினாலோ, முதன்மையும் தேடலும் கம்பைல் ஆகும். வரிசை அப்படியே இருக்கும். நான்கு கோப்புகளில் இந்த இலாபம் அற்பமாகத் தோன்றலாம். லினக்ஸ் கெர்னலைப் போல் ஆயிரக்கணக்கான மூலக் கோப்புகளைக் கொண்ட திட்டமும் மேக்கைக் கொண்டே கட்டப்படுகிறது என்பதையும், அங்கே ஒரு வரியைத் திருத்தியவர் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய நேர்ந்தால் நாளொன்றுக்கு எத்தனை திருத்தங்கள் செய்ய முடியும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அதன் அருமை விளங்கும்.

ஒரே மாதிரியான விதிகளைத் திரும்பத் திரும்ப எழுதும் சிரமத்தையும் நீக்கிக்கொள்ளலாம். விழுக்காட்டுக் குறியை இட்டு, ‘எந்தப் பெயருள்ள .ஓ கோப்பும் அதே பெயருள்ள .சி கோப்பிலிருந்து வரும்’ என ஒரு பொது விதியை எழுதிவிட்டால் போதும். செய்முறைக்குள் $@ என்பது இலக்கின் பெயரையும், $< என்பது முதல் ஆதாரத்தையும், $^ என்பது ஆதாரங்கள் அனைத்தையும் குறிக்கும். இவை மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; மற்றச் சங்கேதங்களைத் தேவைப்படும்போது கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஷெல்லின் சொந்த மாறிகளைச் செய்முறையில் எடுத்தாளும்போது டாலர் குறியை இரட்டித்து எழுத வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டேப் விசையைப் பற்றி ஒரு வார்த்தை. செய்முறை வரியின் தொடக்கத்தில் டேப்புக்குப் பதிலாக வெற்றிடங்கள் இருந்தால், மேக்கின் ஒரு வடிவமாகிய க்னூ மேக் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று கூறி நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் புதியவர்கள் திகைத்துப் போவார்கள். ஃபெல்ட்மன் இவ்வேற்பாட்டை எளிமை கருதிச் செய்தார். சில வாரங்களுக்குள் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டபடியால், அவர்களைச் சிரமப்படுத்த மனமில்லாமல் மாற்றாது விட்டுவிட்டார். பன்னிருவருக்காகக் காட்டிய அந்தத் தாட்சண்யம் இன்று உலகெங்கும் உள்ள நிரலாளர்களுக்கு நிரந்தரமான சிரமமாகிவிட்டது. எடிட்டரின் அமைப்பில், மேக்ஃபைலுக்கு மட்டும் டேப்பை வெற்றிடங்களாக மாற்ற வேண்டாம் என்று குறித்துவிடுவதே இதற்குப் பரிகாரம். இதனோடு சேர்த்து அறிய வேண்டியது மற்றொன்று: செய்முறையின் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்லில் ஓடும். முதல் வரியில் வேறு டைரக்டரிக்கு மாறினால் இரண்டாம் வரி அந்த மாற்றத்தை அறியாது; இரண்டையும் && குறியால் இணைத்து ஒரே வரியாக எழுத வேண்டும்.

எல்லா இலக்கும் கோப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சோதனைகளை ஓட்டுதல், ஆக்கிய கோப்புகளைத் துடைத்தெறிதல் போன்ற காரியங்களுக்கும் ‘டெஸ்ட்’, ‘கிளீன்’ என இலக்குப் பெயர்கள் வைப்பது வழக்கம். ஆனால் ‘டெஸ்ட்’ என்னும் பெயரில் ஒரு டைரக்டரி தற்செயலாக இருந்துவிட்டால், இலக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று கருதி மேக் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். ஆகவே இத்தகைய பெயர்களை ‘.ஃபோனி’ என்னும் விசேஷ இலக்கின் ஆதாரங்களாகக் குறித்துவிட வேண்டும்.

இப்போது இவ்வத்தியாயத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். மேக்குக்குச் சி மொழியும் தெரியாது, நம் நிரலின் நோக்கமும் தெரியாது. நாம் எழுதிய சம்பந்தங்களை அப்படியே உண்மையென நம்பி அது தீர்மானிக்கிறது. சாட்சி எதையேனும் மறைத்துவிட்டால், நீதிபதி எவ்வளவு நேர்மையுள்ளவராயினும் தீர்ப்புப் பிழைபடுவதைப் போல, மேக்ஃபைலில் ஓர் ஆதாரம் விடுபட்டுப் போனால் பழைய கோப்பே புதிதென்று ஏற்கப்பட்டு, ஸ்டீவ் ஜான்ஸனுக்கு நேர்ந்த அதே சங்கடம் நமக்கும் நேரும். அதிலும் ஒரு கொடுமை உண்டு: கருவியே இல்லாதவர் சந்தேகம் வந்தவுடன் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்துவிடுவார், கருவியை நம்பியவரோ சந்தேகப்படவே மாட்டார். குறைபட்ட மேக்ஃபைல் மேக்ஃபைல் இல்லாமையைவிடத் தீங்கானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடிக்கடி விடுபட்டுப் போவது ஹெடர் கோப்பு. இன்று வரிசை.சி கோப்பில் சொல்.எச் கோப்பை இணைத்து ஒரு வரி சேர்க்கிறோம். மேக்ஃபைலில் அதற்கு ஒத்த மாற்றத்தைச் செய்ய மறந்துவிடுகிறோம். நிரல் அன்று சரியாகவே ஓடுகிறது. சில வாரங்கள் கழித்துச் சொல்.எச் கோப்பில் ஒரு கட்டமைப்பின் உறுப்புகள் மாறும்போது, முதன்மையும் தேடலும் புதிய அமைப்பின்படியும் வரிசை பழைய அமைப்பின்படியும் நினைவகத்தைப் படிக்கத் தொடங்குகின்றன. நிரல் காரணம் புலப்படாமல் நிலைகுலைகிறது. மனிதன் கையால் காத்துவரும் எந்தப் பட்டியலும் இவ்வாறு பழுதுபடுவது இயல்பே. ஆகையால் இப்பட்டியலைக் கம்பைலரையே எழுதச் செய்வதுதான் உத்தமமான வழி. எந்த ஹெடரைத் திறந்து படித்தது என்பதை அதனினும் நன்கு அறிந்தது வேறொன்றில்லை. ஜிசிசியிலும் கிளாங்கிலும் -எம்எம்டி என்னும் தெரிவைக் கொடுத்தால், ஒவ்வோர் ஆப்ஜெக்ட் கோப்புக்கும் பக்கத்தில் .டி என முடியும் ஒரு சிறு கோப்பில், மேக்குக்குப் புரியும் விதியாகவே அதன் ஆதாரங்கள் எழுதப்படும். -எம்பி என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், பின்னர் ஒரு ஹெடரை நீக்கிவிட்டாலும் மேக் தடுமாறாது. மேக்ஃபைலின் முடிவில் ‘-இன்க்ளூட்’ என்னும் சொல்லால் இக்கோப்புகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. முதன்முறை ஓட்டும்போது .டி கோப்புகள் இராவே, அப்போது என் செய்வது என்று கேட்கலாம். அப்போது ஆப்ஜெக்ட் கோப்புகளும் இரா; எல்லாமே கம்பைல் ஆகித்தான் தீர வேண்டும்; ஆகவே பட்டியல் இல்லாமையால் கேடொன்றும் இல்லை.

விடுபடும் ஆதாரம் கோப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கம்பைலருக்குக் கொடுக்கும் தெரிவுகளை மேக்ஃபைலில் மாற்றினால், ஆப்ஜெக்ட் கோப்புகளின் உள்ளடக்கம் மாற வேண்டும். ஆனால் மூலக் கோப்புகள் ஒன்றும் மாறாமையால் மேக் எதையும் கம்பைல் செய்யாது. மேக்ஃபைலையே ஒவ்வோர் ஆப்ஜெக்ட் கோப்புக்கும் ஆதாரமாக எழுதிவிடுவது இதற்கு எளிய பரிகாரம். சற்று அதிகமாகக் கம்பைல் ஆகும் என்றாலும், தவறான நிரலைவிடத் தாமதமான நிரல் மேலானது.

மற்றொரு விபரீதம், பாதியில் நின்ற கோப்பு. ஒரு கட்டளை தன் விளைவை இலக்குக் கோப்பில் எழுதிக்கொண்டே வந்து நடுவில் பிழைபட்டு நின்றால், அரைகுறையான அக்கோப்பு புதிய நேரத்துடன் வட்டில் தங்கிவிடும். அடுத்த முறை மேக் அதைப் பரிபூரணமானதென்று ஏற்றுக்கொள்ளும். ‘.டெலீட்_ஆன்_எரர்’ என்னும் விசேஷ இலக்கைக் கோப்பில் ஒரு முறை எழுதி வைத்தால், செய்முறை தோற்ற இடத்தில் அந்த இலக்கை க்னூ மேக்கே அழித்துவிடும். பழைய ஏற்பாடுகளுக்குப் பங்கம் நேராமல் இருக்கும் பொருட்டு இது இயல்பாகவே செயற்படும்படி வைக்கப்படவில்லை. ஆதலால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு மேக்ஃபைலிலும் இந்த ஒரு வரியைத் தவறாமல் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தங்களை உண்மையாக எழுதியிருக்கிறோமா என்பதைச் சோதிக்கும் உரைகல்லாக -ஜே தெரிவைக் கொள்ளலாம். -ஜே8 என்று கொடுத்தால், ஒன்றையொன்று சாராத எட்டு வேலைகள் வரை ஒரே நேரத்தில் நடைபெறும். பல கோர்கள் உள்ள இக்காலக் கணினிகளில் இதனால் பில்டு நேரம் வெகுவாகக் குறையும். வேகம் ஒரு புறம் இருக்க, இதில் மற்றொரு நன்மையும் உண்டு. சாதாரணமாக மேக் ஆதாரங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். யாக் ஆக்கித் தரும் ஒரு ஹெடரை வேறொரு கோப்பு எடுத்தாளுகிறது, ஆனால் அச்சம்பந்தம் எழுதப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் இருந்த காரணத்தாலேயே யாக்கின் வேலை முதலில் நடந்து, குறை வெளித்தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். -ஜே கொடுத்தவுடன் இரண்டும் ஒருங்கே தொடங்க, ஹெடர் இல்லை என்று கம்பைலர் முறையிடும், அதுவும் சில வேளைகளில் மட்டும். அவ்வாறு நேரும்போது -ஜே தெரிவையே பழித்து நீக்கிவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். அது நோயைச் சொன்ன வைத்தியரைத் துரத்துவது. விடுபட்ட சம்பந்தத்தை எழுதுவதே முறை. 2022-இல் வெளிவந்த க்னூ மேக் 4.4 பதிப்பில், ஆதாரங்களின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து ஓட்டும் ‘ஷஃபிள்’ என்னும் தெரிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இக்குறைகளை வெளிக்கொணர அது மிகவும் உதவும்.

பெரிய திட்டங்களில் ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனி மேக்ஃபைல் வைத்து, மேலுள்ளது கீழுள்ளதை அழைக்கும்படி செய்வதுண்டு. ஒவ்வொரு மேக்கும் தன் டைரக்டரியின் சம்பந்தங்களை மட்டுமே காண்பதால், டைரக்டரிகளுக்கு இடையிலுள்ள சம்பந்தங்கள் யாருக்கும் தெரியாமல் போய்விடுகின்றன. பீட்டர் மில்லர் 1998-இல் எழுதிய கட்டுரையில் இக்கேட்டை விரிவாக நிறுவியிருக்கிறார். பகுதிகளைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதினாலும், அவற்றை ஒரே மேக்கின் கீழ் சேர்த்துப் படிக்கச் செய்யுங்கள்.

மேக்குக்குப் பின்வந்த கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அமைகிறேன். ஜாவா உலகில் ஆன்ட் எக்ஸ்எம்எல் கோப்பிலும், ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 2012-இல் பென் ஆல்மன் வெளியிட்ட கிரண்ட் தன் கிரண்ட்ஃபைலிலும் பணிகளை எழுதச் செய்தன. பணிகளுக்குப் பெயரிட்டு வரிசைப்படி நடத்துவதில் கிரண்ட் சௌகரியமானதே ஆயினும், எது பழையது எது புதியது என்று பார்ப்பது அதன் சுபாவத்தில் இல்லை. அதற்குத் தனிச் செருகி வேண்டும். நின்ஜா மேக்கின் தத்துவத்தையே மிகுந்த வேகத்துடன் செய்வது. அதன் கோப்பை மனிதர் எழுதுவதில்லை, சிமேக் போன்ற வேறு கருவிகள் ஆக்கித் தருகின்றன. கூகுள் 2015-இல் பொதுவில் வெளியிட்ட பேஸல், நேரத்தை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடுவது. பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது, சிறு திட்டங்களுக்குப் பெருஞ்சுமை. எதை எடுத்துக்கொண்டாலும், எது எதைச் சார்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லும் பொறுப்பு நம்மை விட்டு நீங்குவதில்லை.

மேக்ஃபைலை எழுதி முடித்தபின் மூன்று பரீட்சைகளை நடத்துங்கள். முதலில், -என் தெரிவைக் கொடுத்து, எந்தக் கட்டளையையும் நடத்தாமல் நடத்தவிருப்பவற்றை மட்டும் அச்சிடச் செய்து நிதானமாகப் படியுங்கள். அடுத்து, திட்டத்தை வேறொரு கணினியில் புதிதாக இறக்கி, -ஜே கொடுத்து முழுவதும் கட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் மட்டும் தற்செயலாக இருந்த கோப்புகளை நம்பியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். கடைசியாக, எதையும் மாற்றாமல் உடனே இரண்டாம் முறை மேக்கை ஓட்டுங்கள். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று அது சொல்ல வேண்டும். ஏதேனும் ஒரு கட்டளையை அது மறுபடி நடத்துமாயின், அந்த இலக்கின் விதி தவறாக இருக்கிறது. அதைத் திருத்திய பின்னரே மேக்ஃபைலைக் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் சேருங்கள்.